மழைத் தோட்டத்தில் கோழிக்கூடு: கட்டுவதும் பூசுவதும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் ஒரு சம்பளத்துக்கும் அடுத்த சம்பளத்துக்கும் இடையில் கைகொடுப்பது வீட்டுக் கோழிதான். 2022 நெருக்கடிக்குப் பின் முட்டை விலை ஏறி, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தபோது அதன் பெறுமதி இன்னும் கூடியது.

1977, 1981 வன்செயல்களில் இந்தத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன நம்மவர்கள் அங்கே வெயிலைத் தணிக்கக் கூடு கட்டுகிறார்கள். இங்கே நாங்கள் ஈரத்தை விலக்கக் கட்டுகிறோம்.

இடம்

லயத்தைச் சுற்றியுள்ள நிலத்துக்குப் பெரும்பாலும் நம்மிடம் உறுதி இல்லை. நிர்வாகம் அகற்றச் சொன்னால் அகற்ற வேண்டியதுதான். அதனால் நான் சீமெந்துத் தளம் போடுவதில்லை. நாலு பேர் தூக்கி வேறிடத்தில் வைக்கக்கூடிய கூடாகவே கட்டுகிறேன். பீலி, கிணறு ஆகியவற்றுக்கு மேற்பக்கத்தில் கூடு வேண்டாம். எச்சம் மழையோடு தண்ணீரில் இறங்கும். மண் வெட்டிய சரிவின் அடியும் ஆபத்து.

கட்டுதல்

பகலில் வெளியே மேயும் பத்துக் கோழிகளுக்கு 5 அடி நீளமும் 4 அடி அகலமும் போதும். தரையிலிருந்து இரண்டரை அடி உயர்த்துங்கள். இறப்பர் மரம் எளிதில் கிடைக்கும்; ஆனால் மழையில் நனைந்தால் விரைவில் உளுத்துவிடும், கறையானும் ஏறும். கால்களுக்கு அது வேண்டாம். எந்த மரமானாலும் கால்களைக் கல்லின் மேல் நிறுத்துங்கள்.

தளத்துக்குப் பாக்கு மரத்தைப் பிளந்து, எச்சம் கீழே விழும்படி விரலகல இடைவெளி விட்டு அடிக்கலாம். சாரல் வரும் பக்கத்தைப் பலகையால் மூடி, மற்றப் பக்கங்களின் மேற்பாதிக்குக் கம்பிவலை அடியுங்கள். கீரியும் மரநாயும் வரும் என்பதால் வலையின் கண் அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தகரக் கூரை சுற்றிலும் ஒன்றரை அடி வெளியே நீளட்டும். கூடு ஈரமாக இருந்தால் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் எளிதில் பரவும்.

பூசுதல்

உட்புறத்துக்குச் சுண்ணாம்புதான் நல்லது. எச்சத்தைச் சுரண்டிக் கழுவி, கூட்டை நன்றாகக் காயவிட்டு, நீர்த்த சுண்ணாம்பில் சிறிது உப்புச் சேர்த்துப் பலகை வெடிப்புகளுக்குள் இறங்கும்படி பூசுங்கள். செள்ளும் உண்ணியும் பதுங்குவது அங்கேதான். மே மாத மழைக்கு முன்னும் மழை ஓய்ந்த பின்னும் பூசினால் போதும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் கொதித்துத் தெறிக்கும், பிள்ளைகளை விலக்கிவிடுங்கள்.

பழைய பெயின்ட் டின், பழைய கதவுப் பலகை இரண்டும் கூட்டுக்கு வேண்டாம். பெயின்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி இலங்கையில் 2013 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. உரியும் செதில்களைக் கோழி கொத்தும். ஈயம் முட்டைக்குப் போகும். முட்டை நம் பிள்ளைகளுக்குப் போகும். கழிவு ஒயிலையும் கோழி படும் இடத்தில் பூசாதீர்கள்.

பராமரிப்பு

இந்த இரு மாவட்டங்களிலும் எலிக்காய்ச்சல் அதிகம். சிந்திய தீனி எலியை அழைக்கும். தீனியை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். மிச்சத்தை இரவில் விடாதீர்கள். சப்பாத்து அணிந்தே கூட்டைச் சுத்தம் செய்யுங்கள். ராணிக்கெட் தடுப்பூசி பற்றி அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள்.

புதிய வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் காணி பெற்றவர்கள்கூட, உறுதி கைக்கு வந்த பிறகு தளம் போடுவதே நல்லது. அதுவரை கூடு கல்லின் மேலேயே நிற்கட்டும்.