காத்திருப்பு யார் கணக்கில்?

ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் பாடப்புத்தகம் எதை எடுத்தாலும் முதல் அத்தியாயத்தில் ஒரு அட்டவணை இருக்கும். இடது பக்கம் உற்பத்தி, வலது பக்கம் சேவை. பொருளைத் தொடலாம், சேவையைத் தொட முடியாது. பொருளை குடோனில் வைக்கலாம், சேவையை வைக்க முடியாது. நிச்சயம் வரும் ஐந்து மார்க் கேள்வி. நானும் மனப்பாடம் செய்து எழுதியவன்தான். ஆனால் இந்தப் பாடம் வளர்ந்த கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், நடுவில் போட்ட அந்தக் கோடு பல இடங்களில் அழிஞ்சு கிடக்கு. பெரிய யோசனைகள் பலவும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாண்டி வந்தவை. அப்படித் தாண்டும்போது ஒன்று மட்டும் அடிக்கடி வழியில் தவறிப்போனது என்று எனக்குத் தோன்றுகிறது. அது வரிசையில் நிற்பவரின் நேரம்.

தொடக்கத்தில் அது தவறவில்லை. ஆக்னர் எர்லாங் என்ற டென்மார்க் கணித ஆசிரியர் 1908-ல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் பலகை முன்னால் ஆள் உட்கார்ந்து ஒயரைச் செருகினால்தான் இணைப்பு. எத்தனை லைன் போடுவது, எத்தனை ஆபரேட்டரை உட்கார வைப்பது? குறைத்தால் கூப்பிடுபவர் காத்திருப்பார், கூட்டினால் செலவு. அழைப்புகள் ஒழுங்கில்லாமல், தற்செயலாக வருகின்றன என்பதை வைத்து எர்லாங் 1909-ல் முதல் கட்டுரையை எழுதினார். இன்றும் கால் சென்டர்களில் பயன்படும் சூத்திரங்கள் 1917 கட்டுரையில் வந்தவை.

அதில் உள்ள விஷயம் எளிமையானது, ஆனால் உள்ளுணர்வுக்கு எதிரானது. ஒரு கவுன்டருக்கு மணிக்கு 60 பேர் வருகிறார்கள், ஒருவருக்குச் சராசரியாக ஒரு நிமிடம் ஆகிறது. அப்போ ஒரு ஆள் போதும்தானே? போதாது. யாரும் வராத நிமிடத்தைச் சேமித்து வைத்து, ஐந்து பேர் சேர்ந்து வரும்போது எடுத்துக் கொடுக்க முடியாது. வரிசை நீண்டுகொண்டே போகும். வருகையும் வேலை நேரமும் இரண்டுமே ஒழுங்கற்றவை என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்த ஊழியர் 80 சதவீத நேரம் வேலையாக இருக்கும்போது சராசரிக் காத்திருப்பு 4 நிமிடம். 90 சதவீதம் என்றால் 9 நிமிடம். 95 சதவீதம் என்றால் 19 நிமிடம். கடைசி ஐந்து சதவீதத்தைக் கறந்ததற்கு விலை இரண்டு மடங்குக்கு மேல், அதைக் கொடுப்பவர் வரிசையில் நிற்பவர். "ஊழியர் ஒரு நிமிஷம்கூட சும்மா இருக்கக் கூடாது" என்று பேசும் மேலாளர்கள் இந்த மூன்று எண்களையும் ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம்.

பின்னாளில் தொழிற்சாலைகளில் இயந்திரத்தின் முன் குவியும் வேலையைக் கணக்கிட இதே கணிதம்தான் போனது. ஆக இது சேவையில் பிறந்து உற்பத்திக்குப் போன அறிவு. இதற்கு நேர் எதிர்த் திசையில் ஃபிராங்க் கில்பிரெத். செங்கல் அடுக்கும் கொத்தனாரின் அசைவுகளை எண்ணிக் குறைத்தவர், அப்புறம் அறுவை சிகிச்சை அறைக்குள் போனார். அவர் பார்வையில் டாக்டர்களும் கருவியைத் தேடியே நேரத்தை வீணாக்கினார்கள்.

அடுத்த தாண்டல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 1916-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் 'பிக்லி விக்லி' என்ற மளிகைக் கடையைத் திறந்தார். அதுவரை நம்ம ஊர் அண்ணாச்சி கடை மாதிரிதான்: சீட்டைக் கொடுத்தால் கடை ஆள் எடுத்துத் தருவார். சாண்டர்ஸ் வாடிக்கையாளரையே அலமாரிக்கு நடுவில் விட்டார், 1917-ல் அந்த அமைப்புக்குக் காப்புரிமையும் வாங்கினார். கடை ஆளின் வேலையில் பாதி சத்தமில்லாமல் வாடிக்கையாளர் கைக்கு மாறியது. சம்பளம் மட்டும் மாறவில்லை.

இந்த மாதிரி சூப்பர்மார்க்கெட்டில் ஜப்பானின் தாய்ச்சி ஓனோ வேறொன்றைப் பார்த்தார். டொயோட்டா அப்போது செழிப்பாக இல்லை. 1950-ல் பணமுடை, ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம். நிறுவனர் கிச்சிரோ டொயோடா ராஜினாமா செய்தார். சரக்கைக் குவித்து வைக்க வசதியில்லாத கம்பெனி. சூப்பர்மார்க்கெட்டில் வாடிக்கையாளர் தனக்குத் தேவையானதை, தேவையான நேரத்தில், தேவையான அளவு எடுக்கிறார். காலியான இடத்தை மட்டும் கடை நிரப்புகிறது. தொழிற்சாலையிலும் அடுத்த கட்டத்தில் இருப்பவரை வாடிக்கையாளராகவும், முந்தைய கட்டத்தை அலமாரியாகவும் வைத்தால் என்ன? 1956-ல் அமெரிக்கா போய் நேரில் பார்ப்பதற்கு முன்பே, 1953 வாக்கில் தன் மெஷின் ஷாப்பில் அதைத் தொடங்கிவிட்டார். எடுத்ததற்கு அடையாளமாகப் பின்னோக்கிப் போகும் அட்டைதான் கான்பான்.

ஓனோ பட்டியலிட்ட ஏழு வீண்களில் காத்திருப்பும் ஒன்று. ஆனால் யாருடைய காத்திருப்பு? இயந்திரம் பக்கத்தில் சும்மா நிற்கும் தொழிலாளியுடையது. அவருக்குக் கூலி ஓடுகிறது, அதனால் கம்பெனிக்கு வலிக்கிறது. பாதி முடிந்த உதிரிபாகம் காத்திருந்தால் அது இருப்பு, அதில் முதல் முடங்குகிறது, அதுவும் வலிக்கும். இரண்டும் கம்பெனிப் பேரேட்டில் வரும் செலவுகள். இந்தப் பட்டியலை அப்படியே ஒரு ஆஸ்பத்திரிக்கோ தாலுகா ஆபீசுக்கோ தூக்கிக்கொண்டு போனால் சிக்கல் தொடங்குகிறது. அங்கே பெஞ்சில் காத்திருப்பவருக்கு நிறுவனம் கூலி கொடுப்பதில்லை. பேரேட்டில் அவர் செலவு பூஜ்யம்.

1972-ல் தியடோர் லெவிட் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில், சேவையையும் உற்பத்தி வரிசை போல வடிவமைக்கலாம் என்று எழுதினார். அவர் காட்டிய உதாரணம் மெக்டொனால்ட்ஸ், அதிலும் உருளைக்கிழங்கு வறுவலை எல்லாருக்கும் ஒரே அளவாக அள்ளித் தரும் கரண்டி. ஆறு வருடம் கழித்து அதே இதழில் ரிச்சர்ட் சேஸ், வாடிக்கையாளர் எந்த அளவு உள்ளே இருக்கிறாரோ அந்த அளவுக்குத் திறனைக் கூட்டுவது கடினம், ஆகவே அவர் இல்லாத பின்கட்டு வேலையைப் பிரித்து எடுங்கள் என்றார். நல்ல யோசனைதான். ஆனாலும் இதைப் படிக்கும்போது வாடிக்கையாளர் ஒரு தொந்தரவு என்கிற தொனி காதில் விழத்தான் செய்கிறது.

மெக்டொனால்ட்ஸ் உதாரணத்தை வேறு மாதிரிப் படித்தவர் மதுரையில் இருந்தார். டாக்டர் வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976-ல் 11 படுக்கையுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கையோடு அறுவை செய்தவர். அங்கே டாக்டர் பக்கத்தில் இரண்டு மேஜைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளி தயார். மைக்ரோஸ்கோப்பைத் திருப்பினால் அடுத்த கண். அரிதான வளம் டாக்டரின் நேரம், அது காத்திருக்கக் கூடாது. இதுவரை சுத்தமான தொழிற்சாலைக் கணக்கு. 1992-ல் ஆரோலேப் தொடங்கி கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையும் தாங்களே தயாரித்தபோது, ஆஸ்பத்திரி நிஜமாகவே தொழிற்சாலையும் ஆனது.

மேலாண்மை வகுப்புகளில் எல்லாரும் இந்த இரண்டு மேஜையைத்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது முகாமிலிருந்து வந்த பஸ். கிராமங்களில் முகாம் போட்டு, அறுவை இலவசம் என்று சொன்ன பிறகும் பலர் வரவில்லை. பயம் ஒரு பக்கம். பஸ் காசு, மதுரையில் சாப்பாடு, துணைக்கு வரும் மகனுக்கோ மருமகளுக்கோ போகும் கூலி இன்னொரு பக்கம். நோயாளிக்கு 'இலவசம்' இலவசமாக இல்லை. ஆகவே முகாமிலிருந்தே வண்டியில் கூட்டி வந்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். துணையாள் தேவையில்லாமல் போனது. அதாவது நோயாளியின் மடியிலிருந்த செலவை ஆஸ்பத்திரி தன் பேரேட்டில் எழுதிக்கொண்டது. தன் செலவாக ஆனதும் அதைக் குறைக்கத் திட்டமிட வேண்டியதாயிற்று: எந்த நாளில் எந்த ஊரில் முகாம், எத்தனை பேர், எத்தனை படுக்கை.

இப்படி எழுதிக்கொள்ளாத இடங்களில் என்ன செய்வது? எண்ணவாவது செய்யலாம். ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது, தொழிற்சாலைக்கும் சேவைக்கும் வித்தியாசமில்லாமல் பொருந்தும்: உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது, வரும் வேகத்தை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கியது. ஒரு அலுவலகத்துக்கு மணிக்கு 40 பேர் வருகிறார்கள், எப்போது எட்டிப் பார்த்தாலும் சுமார் 60 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் சராசரியாக ஒன்றரை மணி நேரம் இருக்கிறார். நாலு மணி நேரம் அலுவலகம் நடந்தால் 240 மணி நேரம், எட்டு மணி வேலை நாளாகப் பார்த்தால் 30 நாள் கூலி, ஒரே காலையில்.

இதற்கு ஸ்டாப்வாட்ச்கூட வேண்டாம். டோக்கன் மெஷின் இருக்கிற இடமென்றால் சீட்டு கொடுத்த நேரமும் நம்பரைக் கூப்பிட்ட நேரமும் அதிலேயே பதிவாகும்படி வைக்கலாம். சாயங்காலம் ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் ஒரு தாள் பிரிண்ட் எடுத்து, ஊழியர் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டியதுதான்.