ரால் பிளக்

செங்கல், கான்கிரீட், கருங்கல் சுவர்களில் ஸ்க்ரூ பிடித்து நிற்பதற்காகத் துளைக்குள் செருகப்படும் சிறு உறை, ரால் பிளக். கடிகாரம், கண்ணாடி, அலமாரித் தட்டு, திரைச்சீலைக் கம்பி என்று வீட்டுச் சுவரில் மாட்டுகிற பலவும் இதன் பிடியில்தான் நிற்கின்றன. மரத்தில் ஸ்க்ரூவின் புரி நாரைக் கவ்விக்கொள்ளும். செங்கல்லில் அப்படிக் கவ்வ எதுவும் இல்லை, பொடிந்து உதிர்ந்துவிடும்.

முன்பு சுவரில் உளியால் குழி வெட்டி, மரக்கட்டையை அடித்து இறுக்கி, அதில் ஸ்க்ரூ ஏற்றினார்கள். தமிழ்நாட்டின் பழைய வீடுகளில் சுவிட்சுப் பலகைகளுக்குப் பின்னால் அந்தக் கட்டைகளை இன்றும் பார்க்கலாம். ஈரத்தில் உப்புவதும் வெயிலில் சுருங்குவதும் கரையான் அரிப்பதும் மரத்தின் குறைகள். குழிக்காகச் சுவரைப் பெரிதாகச் சிதைக்க வேண்டியிருந்தது அவற்றைவிடப் பெரிய குறை. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுவரைக் கெடுக்காமல் சாதனங்களைப் பொருத்தும் வேலை ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற ஒப்பந்தக்காரரிடம் வந்தது. சணல் நாரைப் பசையாலோ விலங்கு ரத்தத்தாலோ இறுக்கிச் சிறு குழாயாக்கினார். 1911-இல் காப்புரிமை கோரப்பட்ட அந்தக் குழாய்க்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. 1958-இல் ஜெர்மானியர் ஆர்தர் ஃபிஷர் நைலானில் ஒன்றைச் செய்தார். ஸ்க்ரூ ஏறும்போது விரியும்படி நெடுக்கில் பிளவும், கூடவே சுழலாதிருக்கப் பக்கத்தில் சிறு நாக்குகளும் அதில் இருந்தன. இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பல இந்த அமைப்பின் வழிவந்தவையே.

ஸ்க்ரூ உள்ளே போகப் போகப் பிளக் விரிந்து துளையின் சுவரை அழுத்துகிறது. அந்த உராய்வுதான் பிடி. ஆகவே 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. பிட்டே பொருத்தம். துளை தளர்ந்துவிட்டால் தீக்குச்சி செருகிச் சமாளிப்பது நம் ஊர் வழக்கம். நாள்காட்டிக்குப் போதும், அலமாரிக்குப் போதாது.

பிளக் கழன்றால் பழி பெரும்பாலும் பிளக்கின்மேல் விழுகிறது. கவனிக்க வேண்டியது பூச்சை. 12 முதல் 15 மி.மீ. கனமுள்ள சிமெண்ட் பூச்சு இருக்கும் சுவரில் 30 மி.மீ. பிளக்கை மேற்பரப்போடு சமமாக வைத்தால், ஏறக்குறைய பாதி பூச்சிலேயே நின்றுவிடும். பூச்சு பெயர்ந்தால் அந்தப் பாதியின் பிடி போயிற்று. துளையிடும்போது உதிரும் பொடியைப் பார்த்தால் போதும்: முதலில் சாம்பல் நிறம், பிறகு செங்கல் சிவப்பு. சிவப்பு வராமல் சாம்பலே தொடர்ந்து, பிட்டும் சுலபமாக இறங்கினால் அது இரு செங்கல்லுக்கு இடைப்பட்ட கலவைச் சந்தாக இருக்கலாம். துளையைச் சற்றுத் தள்ளிப் போடுவது நல்லது. துளைக்குள் தங்கும் தூசியும் பிடியைக் குறைக்கும், ஊதி வெளியேற்ற வேண்டும்.

டைல் ஒட்டிய சுவரில் டைலைத் தாண்டும்வரை டிரில்லின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்தி வைப்பார்கள். இல்லையேல் டைல் விரிசல் விடும். ஹாலோ பிளாக்கில் சாதாரண பிளக் வெற்றிடத்தில் தொங்கும்; அதற்கு உள்ளே மடிந்து முடிச்சாகும் வகை வேண்டும். எடை நேர்கீழாக இழுக்கும் கூரையில் மின்விசிறியை பிளாஸ்டிக் பிளக்கை நம்பி மாட்டக்கூடாது. கான்கிரீட் போடும்போதே பதித்த கொக்கியோ, உலோக ஆங்கர் போல்ட்டோதான் அதற்கு உரியவை. சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் வயர் ஓடும் வாய்ப்பு அதிகம் என்பதால் எலெக்ட்ரீஷியன்கள் அந்தக் கோட்டில் பிட் வைக்க மாட்டார்கள்.