சேர்ந்து பெற்ற சகோதரத்துவம்: புத்தளக் கரையோரத்தின் சபைகளும் தக்கியாக்களும்

பிறப்பினால் வரும் உறவு ஒன்று. விரும்பிச் சென்று சேர்வதனால் வரும் உறவு மற்றொன்று. நமது சமூக வரலாறுகள் பெரும்பாலும் முதலாவதையே எழுதி வந்துள்ளன. சாதி, குலம், இனம் என்ற தலைப்புகளின் கீழ் நூல்கள் பல உள்ளன. ஒருவர் தாமாகச் சென்று, ஓர் உறுதிமொழி கூறி, முன்பின் அறியாத மனிதர்களுக்குச் சகோதரராகும் அமைப்புகள் பற்றி எழுதப்பட்டது குறைவு. வென்னப்புவ தொடக்கம் கற்பிட்டி வரை நீளும் புத்தளக் கரையோரம், இந்த இரண்டாவது வகை உறவைப் படிப்பதற்கு ஏற்ற நிலம் என்பது என் கருத்து.

சகோதரத்துவச் சங்கம் என்றதும் ஆங்கிலம் கற்றோர் மனத்தில் முதலில் எழுவது பிரீமேசன் லொட்ஜ். 1717இல் லண்டனில் நான்கு லொட்ஜுகள் ஒன்றிணைந்ததிலிருந்து அதன் நவீன வரலாறு தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒல்லாந்தர் காலத்திலேயே அது இலங்கைக்கு வந்துவிட்டது. துறைமுக நகரங்களிலும், தோட்டத்துரைமார் கூடிய மலைநாட்டு ஊர்களிலும் அது வேரூன்றியது. ஒருவர் சேர வேண்டுமாயின் இறைவன் ஒருவன் உளன் என்று நம்ப வேண்டும். உறுப்பினர்கள் பரிந்துரைக்க வேண்டும். பின்னர் வெள்ளை, கறுப்பு உருண்டைகளைப் பெட்டியில் இட்டு வாக்கெடுப்பார்கள். எந்த மதத்தவருக்கும் கதவு திறந்தே இருந்தது எனினும், உத்தியோகமும் வசதியும் உடையோரே அதனருகில் செல்ல முடிந்தது. உப்பளத் தொழிலாளிக்கும் கரைவலை இழுப்பவருக்கும் அது எட்டாத உலகம். ஆனால் அவர்களுக்கும் சகோதரத்துவங்கள் இருந்தன.

கத்தோலிக்கரை முதலில் எடுத்துக்கொள்வோம். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர், குருமார் வெளியேற்றப்பட்டனர். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்திறங்கிய யோசேப் வாஸ் அடிகளார், யாழ்ப்பாணத்தில் தங்க முடியாத நிலை ஏற்பட்டபோது புத்தளத்துக்கு வந்தார். புத்தளம் அக்காலத்தில் கண்டி மன்னனின் ஆட்சியில் இருந்தமையால் அங்கு ஒல்லாந்தரின் கை நீளவில்லை. 1692இல் கண்டிக்குச் சென்று சிறைப்பட்ட அவர், 1711இல் மறையும் வரை நாடெங்கும் நடந்தார். ஒரு குருவால் எல்லா ஊர்களையும் காக்க இயலாது. ஆகவே ஊர்தோறும் மூப்பர், அண்ணாவி என்ற பொதுநிலைத் தலைவர்களை நம்பியே திருச்சபை இயங்கியது. குரு இல்லாத நாள்களில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வித்தவர்களும், பிள்ளைகளுக்கு ஞானபாடம் கற்பித்தவர்களும் அவர்களே. நாட்டுக்கூத்தை ஆட்டுவிக்கும் ஆசானையும் நாம் அண்ணாவி என்றே அழைக்கிறோம்; அச்சொல் கடந்துவந்த பாதை தனியாக ஆராயத்தக்கது. 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் யோசேப் வாஸ் புனிதராக அறிவிக்கப்பட்டார். பெயர் தெரியாத அந்த மூப்பர்களும் அந்தப் பெருமைக்கு உரியவர்கள் என்றே நான் கொள்கிறேன்.

இனி முஸ்லிம்களின் தரீக்காக்கள். 1344இல் இப்னு பதூதா வந்திறங்கிய 'பத்தாலா' புத்தளமே என்பது அறிஞர் பலரின் முடிவு. ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவா ஆதம் மலைக்குச் செல்ல உதவி கேட்டவர் அவர். அதற்கு முன்னரே பாரசீகத்தின் இஸ்பஹானில் ஒரு சூபி ஞானியிடம் அங்கி பெற்றவர். வழியெங்கும் சூபிகளின் ஸாவியாக்களில் தங்கி உண்டவர். ஸாவியா என்னும் அரபுச் சொல்லுக்கு மூலை என்று பொருள். லொட்ஜ் என்பதோ தேவாலயம் கட்டிய கற்தச்சர்களின் கொட்டகையைக் குறித்த சொல். எளிய இடத்தைச் சுட்டிய இரு சொற்கள், பின்னர் பெரும் அமைப்புகளின் பெயர்களாயின.

பக்தாதில் அடங்கிய அப்துல் காதிர் ஜீலானியின் (1077-1166) வழி வந்தது காதிரிய்யா. 1258இல் எகிப்தில் மறைந்த அபுல் ஹஸன் ஷாதுலியின் வழி வந்தது ஷாதுலிய்யா. இவை இலங்கையை அடைந்த பாதைகளில் முக்கியமானது தமிழகக் கரை. காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களின் ஆலிம்கள் வணிகரோடு கப்பலேறி வந்து கற்பித்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் எனப்பட்ட செய்யிது முகம்மது ஆலிம் (1816-1898) அவர்களுள் தலையாயவர். அவரது அரபுத்தமிழ் நூல்கள் கடலின் இரு கரைகளிலும் ஓதப்பட்டன. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அந்த முறை, சகோதரத்துவத்தின் பொது எழுத்தாகவே விளங்கியது.

தரீக்காவில் சேரும் முறைக்கு பைஅத் என்று பெயர். சேர விரும்புபவர் ஷெய்கின் முன் அமர்ந்து, அவரது கையைப் பற்றி உறுதிமொழி எடுப்பார். பெண்களாயின் துணியொன்றின் முனையைப் பற்றுவர். அன்று முதல் அவர் முரீது. உடன் சேர்ந்தோர் அவருக்குச் சகோதரர், அதாவது இக்வான்கள். குரு வழியைக் காட்டும் சில்சிலா நபிகள் நாயகம் வரை செல்லும். வெள்ளி இரவுகளில் திக்ரு, ராத்திபு, ஆண்டுதோறும் கந்தூரி என்று அவர்கள் கூடுமிடமே தக்கியா. வழிப்போக்கனுக்கு அங்கே பாயும் சோறும் கிடைத்தன. பணக்காரனும் கூலியாளும் ஒரே சஹனில் உண்டனர்.

மூன்று அமைப்புகளுக்கும் பொதுவானது ஒன்றுண்டு: சேர்வதற்கு ஒருவருடைய ஊர் காரணமாவதில்லை. புத்தளக் கரைக்கு இது இன்றியமையாதது. உப்பும் முத்தும் மீனும் தேடி வந்தோர் கலந்து வாழ்ந்த கரை அது. கற்பிட்டியில் 1807இல் பிறந்து, 1834இல் இலங்கைக்கு ஓர் இடவிளக்க அகராதியை ஆங்கிலத்தில் எழுதிய சைமன் காசிச்செட்டியின் முன்னோரும் வந்து குடியேறியோரே. வந்தவனை ஊரானாக்கும் வாசல்களாக இச்சபைகள் பயன்பட்டன.

அந்த வாசலுக்குப் பெருஞ்சோதனை 1990 ஒக்டோபரில் வந்தது. வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினர். உள்ளூர் மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். தென்னந்தோட்டங்களில் குடிசை போட இடம் அளித்தனர். அரசும் நிறுவனங்களும் வருமுன் சோறு சமைத்தவர்கள் அவர்களே. இதை எத்தனை முறை எழுதினாலும் தகும்.

ஆனால் ஆண்டுகள் நீண்டன. வேலை, நிலம், தண்ணீர், மாவட்ட ஒதுக்கீட்டில் கிடைக்கும் பல்கலைக்கழக அனுமதி ஆகியவற்றில் போட்டி எழுந்தது. ஒரே மார்க்கம், ஒரே மொழி. ஆயினும் 'அகதி', 'ஊரான்' என்ற இரு சொற்கள் நிலைத்தன. புத்தளத்தில் பிறந்து, வடக்கைக் கண்டிராத பிள்ளையும் அகதி என்றே அழைக்கப்பட்டது. மறுபுறம், 20ஆம் நூற்றாண்டின் சீர்திருத்த இயக்கங்கள் கந்தூரியையும் ராத்திபையும் கேள்விக்குள்ளாக்கின. அந்த மார்க்க விவாதத்தில் தீர்ப்புக் கூறுவது என் வேலையன்று. தரீக்கா பலவீனமடையும் இடத்தில், அந்நியனைச் சகோதரனாக்கிய ஒரு பழைய ஏற்பாடும் பலவீனமடைகிறது; வரலாறு எழுதுவோர் அந்த இழப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

சகோதரத்துவம் என்பது ஓர் உணர்ச்சி மட்டுமன்று. அதற்கு ஒரு வாசலும், ஒரு முறையும், வாரந்தோறும் கூடும் ஓரிடமும் வேண்டும். சோறிட்டு வரவேற்பது முதல் நாளுக்குப் போதுமானது. முப்பது ஆண்டுகளுக்கு அது போதாது. வந்தவரை உறுப்பினராக்கும் முறை நம் முன்னோரிடம் இருந்தது. அரபுத்தமிழ் ஏடுகளும், தக்கியாக்களின் பதிவுகளும், கோயில்களின் பழைய கணக்குப் புத்தகங்களும் அதற்குச் சாட்சி. இக்கரையோரக் குடும்பங்களின் பெட்டிகளில் அவை இன்னும் கிடக்குமாயின், கறையான் அரிக்குமுன் எடுத்துப் படியெடுத்து வைப்பது நமது கடமை.