ஆல்ப்சு படிகச் சேகரிப்பு

ஆல்ப்சு படிகச் சேகரிப்பு என்பது ஐரோப்பாவின் ஆல்ப்சு மலைத்தொடரில் உள்ள பாறைப் பிளவுகளிலிருந்து குவார்ட்சுப் படிகங்களையும், அவற்றுடன் சேர்ந்து வளர்ந்த பிற கனிமங்களையும் தேடி எடுத்துப் பேணும் செயலாகும். சுவிட்சர்லாந்து, பிரான்சு, இத்தாலி, ஆசுத்திரியா ஆகிய நாடுகளின் உயர் மலைப் பகுதிகளில் இது நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. தொடக்கத்தில் கருவி செய்யவும், பின்னர் அணிகலன்களும் கலைப்பொருள்களும் செய்யவும் படிகங்கள் எடுக்கப்பட்டன. இன்று பெரும்பாலும் அருங்காட்சியகங்களுக்காகவும் தனியார் தொகுப்புகளுக்காகவும் எடுக்கப்படுகின்றன. ஒரு படிகம் மனித வாழ்நாளில் மீண்டும் வளர்வதில்லை. ஆகையால் அது எவ்வாறு எடுக்கப்படுகிறது, அதனைப் பற்றி என்ன குறித்து வைக்கப்படுகிறது என்பன இத்துறையில் முதன்மையான கேள்விகளாக உள்ளன.

பெயர்

குவார்ட்சு என்பது சிலிக்கானும் ஆக்சிசனும் சேர்ந்த சிலிக்கான் டை ஆக்சைடு என்னும் சேர்மத்தின் படிக வடிவம் ஆகும். இதன் கடினத்தன்மை மோவின் அளவுகோலில் 7. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம். நிறமற்றுத் தெளிவாக உள்ள வகையைத் தமிழில் படிகம், பளிங்கு, ஸ்படிகம் என்பர். எனினும் பளிங்கு என்னும் சொல் இன்று சலவைக்கல்லையும் குறிப்பதால், இக்கட்டுரையில் படிகம் என்ற சொல்லே கையாளப்படுகிறது.

கிரேக்க மொழியில் படிகத்தைக் குறிக்கும் சொல்லுக்குப் பனிக்கட்டி என்பதே முதற்பொருள். கடுங்குளிரில் உறைந்து மீண்டும் உருகாத பனியே படிகம் என்று பழங்காலத்தவர் நம்பினர். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி இக்கருத்தை எழுதி வைத்துள்ளார். ஆல்ப்சின் பனி மூடிய சிகரங்களுக்கு அருகில் படிகங்கள் கிடைத்தது இந்நம்பிக்கைக்கு வலுச் சேர்த்தது.

சுவிட்சர்லாந்தின் செருமன் மொழிப் பகுதிகளில் படிகம் தேடுபவர் 'ஸ்ட்ராலர்' எனப்படுகிறார். கதிர் என்று பொருள்படும் 'ஸ்ட்ரால்' என்னும் சொல் அங்கு படிகத்தையும் குறித்தது. பிரெஞ்சு மொழிப் பகுதிகளில் இவர்கள் 'கிறிசுத்தாலியே' எனப்படுகின்றனர்.

பிளவுகளில் படிகம் உருவாதல்

ஆல்ப்சு மலைகள் மேலெழுந்தபோது ஆழத்திலிருந்த பாறைகள் இழுவிசைக்கு உள்ளாகிப் பிளந்தன. அவ்வாறு உண்டான பிளவுகளில் வெந்நீர்க் கரைசல் நிரம்பியது. பல கிலோமீட்டர் ஆழத்தில், மிகுந்த அழுத்தத்தில், இக்கரைசலின் வெப்பநிலை 300 முதல் 450 பாகை செல்சியசு வரை இருந்தது. கரைசல் சுற்றியிருந்த பாறையிலிருந்து சிலிக்காவையும் பிற பொருள்களையும் கரைத்து எடுத்துக்கொண்டது. மலை மேலெழுந்து பாறை குளிர்ந்தபோது கரைந்திருந்த பொருள்கள் பிளவின் சுவர்களில் படிகங்களாகப் படிந்தன. ஆல்ப்சின் பல பிளவுகள் சுமார் 1 கோடி முதல் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு உருவானவை.

பொருள் வெளியேறியதால் பிளவைச் சுற்றியுள்ள பாறை பெரும்பாலும் வெளிறி, நுண்துளைகளுடன் காணப்படும். எனவே பிளவும் அதன் சுற்றுப்பாறையும் பிரிக்க முடியாதவை. கிரானைட்டில் உள்ள பிளவில் ஒருவகைக் கனிமங்களும், நைஸ் போன்ற பிற பாறைகளில் உள்ள பிளவில் வேறுவகைக் கனிமங்களும் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆரே, கோத்தார்டு, மோன் பிளாங்க் ஆகிய பாறைத் திரள்கள் படிகங்களுக்குப் பெயர்பெற்றவை. இவற்றின் கிரானைட்டுப் பகுதிகளில் பழுப்பு முதல் கருமை வரை நிறமுடைய புகைப்படிகங்கள் கிடைக்கின்றன. படிகத்தில் சிறிதளவு கலந்துள்ள அலுமினியத்தின் மீது பாறையின் இயற்கைக் கதிர்வீச்சு நெடுங்காலம் படுவதால் இந்நிறம் உண்டாகிறது. படிகத்தைச் சில நூறு பாகை அளவுக்குச் சூடேற்றினால் நிறம் நீங்கிவிடும்.

வடிவங்கள்

குவார்ட்சுப் படிகம் பொதுவாக ஆறுபக்கப் பட்டகமாக வளர்ந்து கூர்முனையில் முடியும். படிகங்களின் உருவம் வேறுபட்டாலும் ஒத்த முகங்களுக்கு இடையிலான கோணம் மாறுவதில்லை என்பதை நிக்கோலசு ஸ்டெனோ 1669 இல் வெளியிட்ட நூலில் குவார்ட்சுப் படிகங்களைக் கொண்டு காட்டினார். இதுவே படிகவியலின் அடிப்படை விதிகளுள் ஒன்றாயிற்று.

ஆல்ப்சில் சேகரிப்பாளர் விரும்பும் சிறப்பு வடிவங்கள் சில உள்ளன. பல படிகங்கள் பக்கவாட்டில் ஒன்றையொன்று ஒட்டி, சிறிது சிறிதாகத் திரும்பி வளர்ந்தது போன்ற முறுக்குப் படிகம் 'குவிண்டெல்' எனப்படுகிறது. நடுவில் வெண்ணிற இழை ஒன்று ஓடும் படிகம் இழைப்படிகம் ஆகும். பிளவு மெல்ல விரிந்துகொண்டிருந்தபோது உடைந்தும் ஒட்டியும் வளர்ந்ததன் தடமே அவ்விழை. மெல்லிய தண்டின் மேல் தடித்த தலையுடன் வளர்ந்தது செங்கோல் படிகம்.

உடன் காணப்படும் கனிமங்கள்

குவார்ட்சுடன் ஒரே பிளவில் பின்வரும் கனிமங்கள் காணப்படலாம்:

* அடுலேரியா – பொட்டாசியம் பெல்சுபார் வகை. ஆல்ப்சின் அடுலா மலைப்பகுதியை ஒட்டி இப்பெயர் பெற்றது.
* புளோரைட்டு – இளஞ்சிவப்பு நிறமுடைய எண்முகப் படிகங்கள். புகைப்படிகத்தின் மேல் இவை அமர்ந்துள்ள மாதிரிகள் மிக அரியனவாகக் கருதப்படுகின்றன.
* ஏமடைட்டு – இரும்பு ஆக்சைடு. தட்டையான படிகங்கள் இதழ்கள் போல் அடுக்கி வளரும்போது 'இரும்பு ரோசா' எனப்படும்.
* ரூட்டைல் – டைட்டானியம் ஆக்சைடு. பொன்னிற ஊசிகளாகக் குவார்ட்சின் உள்ளேயும் காணப்படும்.
* குளோரைட்டு – பச்சை நிறமான நுண்துகள். படிகங்களின் மேல் பூச்சாகவும் பிளவின் அடியில் மணலாகவும் இருக்கும்.
* கால்சைட்டு, அப்பட்டைட்டு, டைட்டனைட்டு, செயோலைட்டுகள்.

எந்தக் கனிமத்தின் மேல் எது வளர்ந்துள்ளது என்பதைக் கொண்டு அவை படிந்த வரிசையை அறியலாம். படிகத்தினுள் சிக்கியுள்ள நுண்ணிய நீர்மத் துளிகள், அது வளர்ந்தபோது நிலவிய வெப்பநிலையையும் அழுத்தத்தையும் கணிக்க உதவுகின்றன. சில பிளவுகளில் கிடைக்கும் மோனசைட்டு என்னும் சிறு கனிமத்தில் தோரியம் இருப்பதால், அதன் கதிரியக்கச் சிதைவைக் கொண்டு பிளவின் வயதைக் கணக்கிட முடிகிறது. எளிதில் கண்ணில் படாத இக்கனிமம், பெரிய படிகங்களை மட்டும் தேடுபவரால் மண்ணோடு மண்ணாகக் கழுவி விடப்படலாம்.

வரலாறு

ஆல்ப்சில் படிகம் எடுத்தல் கற்காலத்திலேயே தொடங்கிவிட்டது. சுவிட்சர்லாந்தின் ஊரி மாநில எல்லையில், சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் உள்ள சுட்ரேம் கணவாயில் பனி உருகியபோது, படிகப் பிளவு ஒன்றின் அருகே மரத்துண்டுகளும் மான்கொம்பும் வெளிப்பட்டன. 2013 இல் இவற்றைக் கண்டவர் படிகம் தேடுபவர் ஒருவரே. இவை சுமார் 8,000 ஆண்டுகள் பழமையானவை எனக் கண்டறியப்பட்டது. தீக்கல் அரிதாக இருந்த அப்பகுதியில், இடைக்கற்கால மக்கள் படிகத்தை உடைத்துக் கூரிய கருவிகள் செய்தனர்.

பின்னர் ஆல்ப்சுப் படிகங்கள் மிலான் முதலிய நகரங்களின் பட்டறைகளுக்கு அனுப்பப்பட்டு, கிண்ணங்களாகவும் குடுவைகளாகவும் செதுக்கப்பட்டன. மலைச் சிற்றூர்களின் ஏழை உழவர்களுக்குப் படிகம் ஒரு துணை வருவாயாக இருந்தது. பிரேசிலில் இருந்து பெரிய படிகங்கள் மலிவாக வரத் தொடங்கியபின் இத்தொழில் நலிந்தது. மாறாக, கனிமவியல் வளர்ந்ததால் செதுக்குவோரின் இடத்தை அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் பிடித்தனர். அதுவரை பயனற்றவை என ஒதுக்கப்பட்ட உடன் கனிமங்களும் அப்போதுதான் மதிப்புப் பெற்றன.

மலையேற்ற வரலாற்றுக்கும் படிகத் தேடலுக்கும் தொடர்பு உண்டு. 1786 ஆகசுட்டு 8 அன்று மோன் பிளாங்க் சிகரத்தை முதன்முதலில் அடைந்த இருவருள் ஒருவரான சாக் பல்மா, சாமோனி பள்ளத்தாக்கைச் சேர்ந்த படிகம் தேடுபவர். மற்றவர் மருத்துவர் மிசேல் பக்கார்.

புகழ்பெற்ற பிளவுகள்

சிங்கன்சுடொக் (1719): கிரிம்செல் பகுதியில் உள்ள இப்பிளவிலிருந்து சுமார் 50 டன் படிகம் எடுக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. பெரும்பகுதி செதுக்குதலுக்காக விற்கப்பட்டது.

தீபன் பனியாறு (1868): பூர்க்கா கணவாய்க்கு அருகில், ஊரி மாநில எல்லைக்குள் இருந்த பிளவில் பெர்ன் மாநிலத்தின் குட்டானன் ஊரார் கருநிறப் புகைப்படிகங்களைக் கண்டனர். ஊரி அரசு தலையிடுவதற்குள் ஊர்மக்கள் திரண்டு வந்து பல டன் படிகங்களை மலை கடந்து எடுத்துச் சென்றனர். இவற்றுள் 100 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ள படிகங்களும் இருந்தன. மிகப் பெரியவை சில இன்று பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன.

கெர்சுடனெக் (1974): கிரிம்செல் நீர்மின் திட்டத்திற்காகச் சுரங்கம் தோண்டியபோது வெளிப்பட்ட இப்பிளவு, எடுக்கப்படாமல் அப்படியே பாதுகாக்கப்பட்டது. குவார்ட்சு, புளோரைட்டு, கால்சைட்டு ஆகியவை வளர்ந்த நிலையிலேயே இருப்பதைப் பார்வையாளர்கள் கண்ணாடி வழியாகக் காணலாம்.

பிளாங்கன்சுடொக் (2005): பிரான்சு வான் ஆர்க்சு, பவுல் வான் கேனல் ஆகிய இருவர் பல ஆண்டுகள் பாறையைக் குடைந்து, சுமார் 300 கிலோகிராம் எடையுள்ள படிகக் கொத்தை எடுத்தனர். அதன் மிகப் பெரிய படிகம் ஒரு மீட்டருக்கு மேல் நீளமானது. இத்தொகுப்பு 2011 முதல் பெர்ன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

தேடும் முறையும் எடுத்தலும்

பனி உருகும் கோடைக்காலமே தேடலுக்கு ஏற்ற காலம். பாறைச் சுவரில் வெண்ணிறக் குவார்ட்சுப் பட்டை, அதனருகே வெளிறிய பாறை, குளோரைட்டு மணல் கசியும் சிறு பொந்து ஆகியவை பிளவு இருப்பதற்கான அடையாளங்கள். முனை வளைந்து தட்டையாக்கப்பட்ட நீண்ட இரும்புக் கம்பி இவர்களின் மரபுவழிக் கருவி. சுத்தியல், உளி, கொக்கி, கயிறு ஆகியனவும் பயன்படுகின்றன.

பிளவைத் திறப்பதைவிட வெறுமையாக்குவதே கடினமானது. உள்ளே களிமண்ணும் மணலும் பெரும்பாலும் பனிக்கட்டியும் அடைந்திருக்கும். படிகங்கள் பல, சுவரிலிருந்து முன்பே உடைந்து மணலில் கிடக்கும். அவற்றைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்து, தாளிலோ துணியிலோ சுற்றிச் சுமந்து இறக்க வேண்டும். பனியில் உறைந்திருந்த படிகத்தைத் திடீரென வெயிலிலோ வெந்நீரிலோ வைத்தால் அது விரிசல் விடக்கூடும். உடைந்த துண்டுகள் சில வேளை மற்றொன்றுடன் பொருந்துவதால், சிறு துண்டுகளும் சேர்த்து வைக்கப்படுகின்றன.

தூய்மையாக்கல்

முதலில் நீராலும் மென்மையான தூரிகையாலும் கழுவுவதே போதுமானது. இரும்புக் கறையை நீக்க ஆக்சாலிக் அமிலம் பயன்படுகிறது. இது நச்சுத்தன்மை உடையது. கால்சைட்டு அமிலத்தில் கரையும். அப்பட்டைட்டும் வலிய அமிலங்களால் தாக்கப்படும். எனவே உடன் உள்ள கனிமங்களை அடையாளம் காணாமல் அமிலத்தில் இடுவது மாதிரியைக் கெடுத்துவிடும். குளோரைட்டுப் பூச்சை முற்றிலும் அகற்றினால் படிகம் பளபளப்பாகத் தோன்றும். ஆனால் அது வளர்ந்த சூழலின் சான்று அழிந்துவிடும்.

பெயர்ச்சீட்டு

ஒவ்வொரு மாதிரிக்கும் எண் இட்டு, கனிமங்களின் பெயர், எடுத்த இடம், உயரம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதுவது வழக்கம். கிடைத்த இடம் அறியப்படாத படிகம் அழகிய பொருளாக மட்டுமே எஞ்சும், ஆய்வுக்கு உதவாது. பழைய தொகுப்பு கைமாறும்போது முந்தைய சீட்டுகளையும் உடன் வைப்பது நன்று.

சந்தையில் ஏமாற்றும் உண்டு. நிறமற்ற படிகத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திக் கருமையாக்கி இயற்கைப் புகைப்படிகமாக விற்பதும், வெவ்வேறு படிகங்களை ஒரே தாய்ப்பாறையில் ஒட்டி விற்பதும் அறியப்பட்டவை. உடைந்த படிகத்தை ஒட்டுவது தவறன்று. அதனை வெளிப்படையாகக் கூறாதிருப்பதே தவறாகக் கருதப்படுகிறது.

சட்டமும் வழக்கமும்

சுவிட்சர்லாந்தில் படிகம் தேடும் உரிமை இடத்திற்கு இடம் வேறுபடும். சில பகுதிகளில் ஊராட்சியும், ஊரி மாநிலத்தின் பெரும்பகுதியில் பொதுநிலங்களை உடைமையாகக் கொண்ட கூட்டமைப்பும் அனுமதிச் சீட்டு வழங்குகின்றன. உரிமையாளரற்ற, அறிவியல் மதிப்புள்ள இயற்கைப் பொருள்கள் மாநிலத்துக்கு உரியவை என்று அந்நாட்டின் உரிமையியல் சட்டத்தின் 724 ஆம் பிரிவு கூறுகிறது.

எழுதப்பட்ட சட்டத்துடன் மலை வழக்கங்களும் உண்டு. பிளவைக் கண்டவர் தம் கருவியை அதில் விட்டு, பெயரின் முதலெழுத்தைக் குறித்துச் சென்றால் பிறர் அதைத் தொடுவதில்லை. வேலை முடிந்ததும் இடத்தை ஒழுங்குபடுத்திச் செல்ல வேண்டும் என்பதும் எதிர்பார்க்கப்படுகிறது.

காப்பும் கருத்து வேறுபாடும்

படிகங்களை மலையிலேயே விட்டுவிட வேண்டும் என்ற கருத்து உண்டு. இதற்கு மறுப்பாக, மேற்பரப்பை எட்டிய பிளவுகளில் நீர் உறைந்து விரிவதாலும் பாறைச் சரிவாலும் படிகங்கள் எப்படியும் நொறுங்கும். எடுப்பதே அவற்றைக் காப்பதாகும் என்று தேடுபவர்கள் கூறுகின்றனர். உயரத்தில் உள்ள பிளவுகளுக்கு இவ்வாதம் பொருந்தும். ஆழ்ந்த பாறையில் வெடிமருந்தாலும் இயந்திரத்தாலும் திறக்கப்படும் பிளவுகளுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. கெர்சுடனெக் பிளவு, எடுக்காமலும் காக்க முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டாக உள்ளது.

பனியாறுகள் சுருங்கி வருவதால் முன்பு அணுக முடியாத பாறைகள் வெளிப்பட்டுப் புதிய பிளவுகள் தென்படுகின்றன. அதே வேளையில், பாறைகளைப் பிணைத்திருந்த நிலையுறை பனி இளகுவதால் பாறைச் சரிவுகளின் இடர் கூடியுள்ளது. புதிதாக வெளிப்படும் பிளவுகளும் விரைவில் சிதைகின்றன. அவற்றில் உள்ளவற்றை முறையாகப் பதிவு செய்யக் கிடைக்கும் காலம் குறுகியது.

இவற்றையும் பார்க்க

* குவார்ட்சு
* கனிமவியல்
* படிகவியல்
* ஆல்ப்சு மலைத்தொடர்
* பனியாறு