ஐந்து முறை நகர்ந்த முட்கள்

ஜொகூரில் பழைய கைக்கடிகாரங்களைத் தேடிச் சேர்த்து, நாளுக்கொன்றாக அணிந்து மகிழும் ஆர்வலர்கள் உளர். கடிகாரத்தின் முகப்பு மறுவண்ணம் பூசப்படாததா, முட்கள் முதலில் இருந்தவையே தாமா, உள்ளே சுழல்வது அதற்குரிய இயந்திரந்தானா என்றெல்லாம் அவர்கள் நுணுகி ஆராய்வர். அது தக்கதே. ஆயினும், அம்முட்கள் காட்டிய நேரம் எவருடைய நேரம் என்று வினவுவோர் அரியர். 1930ஆம் ஆண்டில் மலாயாவில் வாங்கப்பட்டு இன்றும் ஓடும் கடிகாரம் ஒன்று இருக்குமாயின், அதன் முட்கள் எப்பழுதும் இன்றியே ஐந்து முறை நகர்த்தப்பட்டிருக்க வேண்டும். நகர்த்தச் சொன்னது ஆட்சி.

கைக்கடிகாரம் தொடக்கத்தில் பெண்டிரின் அணிகலனாகவே பெரிதும் கருதப்பட்டது. ஆடவர் சட்டைப்பையில் சங்கிலியோடு கடிகாரம் வைத்திருந்தனர். 1914 முதல் 1918 வரை நடந்த உலகப்போரில், பதுங்குகுழியில் நின்ற வீரனுக்குப் பையைத் துழாவ நேரமில்லை. கடிகாரம் மணிக்கட்டிற்கு ஏறியது. மலாயாவிலோ அது நெடுங்காலம் பதவியின் அடையாளமாகவே விளங்கிற்று. துரை கையில் இருந்தது. கிராணி கையிலும் ஆசிரியர் கையிலும் இருந்தது. கூலாய், குளுவாங், சிகாமட் பகுதிகளின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்க்குப் பொழுதை உணர்த்தியது பெரட்டுக்கு அழைத்த மணியோசையே. வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறையும். ஆதலால் விடியுமுன்னரே எழுந்தாக வேண்டும்.

1905இல் மலாயாவின் பொது நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 7 மணி முற்பட்டதாக வரையறுக்கப்பட்டது. 1933 சனவரி முதல் நாளில் அதனோடு 20 நிமிடம் கூட்டப்பட்டது. அலுவல் முடிந்தபின் விளையாடவும் உலாவவும் மாலை வெளிச்சம் மிகுதியாகக் கிடைக்கும் என்பதே கூறப்பட்ட காரணம். பந்தாட்டத் திடலுக்குச் செல்வோர்க்கு அது நன்மைதான். கடிகாரத்தைப் பார்த்துப் பெரட்டு மணி அடிக்கப்பட்ட இடத்திலோ, அந்த 20 நிமிடமும் விடியற்கால இருளிலிருந்து எடுக்கப்பட்டதாகும்! 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடம் கூடியது.

அடுத்து வந்ததே பெருமாற்றம். 1942 சனவரி 31ஆம் நாள் பிரிட்டிசுப் படையினர் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் பின்வாங்கி, பாலத்தைத் தகர்த்தனர். பிப்ரவரியில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. வென்ற ஜப்பானியர் தோக்கியோ நேரத்தைப் புகுத்தினர். முட்கள் ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டன. ஜொகூரில் கதிரவன் எழும்போது கடிகாரம் எட்டைக் காட்டியது. உச்சிக்கு வரும்போது இரண்டைத் தாண்டியிருந்தது. வழியில் கண்டவர் கையிலிருந்த கடிகாரங்களை ஜப்பானியப் படையினர் பறித்துக்கொண்ட செய்தியைப் போர்க்கால நினைவுரைகள் பலவும் கூறுகின்றன. கடிகாரமே இல்லாத தோட்டத் தமிழரிடம் பறிப்பதற்கு உடலுழைப்பு இருந்தது. சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டோருள் திரும்பாதவர் பல்லாயிரவர். 1945 செப்டம்பரில் அந்த ஒன்றரை மணி திரும்பக் கழிக்கப்பட்டது. முட்களைப் பின்னே நகர்த்துவது எளிது.

ஐந்தாம் மாற்றம் அமைதியானது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணி, 12 மணியாக்கப்பட்டது. தீவகற்பம் சபா, சரவாக்கின் நேரத்தோடு இணைந்தது. சிங்கப்பூரும் அவ்வாறே செய்தது. அன்றேல், நாள்தோறும் பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்லும் ஜொகூர் மக்கள் இரண்டு நேரங்களைக் கணக்கிட வேண்டியிருந்திருக்கும்.

அதற்குள் கைக்கடிகாரமே மாறத் தொடங்கியிருந்தது. 1969 டிசம்பர் 25இல் ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் வெளியிட்ட முதல் குவார்ட்சுக் கடிகாரத்தின் விலை 4,50,000 யென். பின்னர் விலை வீழ்ந்து, மின்கலக் கடிகாரம் எளியோர் கைக்கும் எட்டியது. நாள்தோறும் சாவி முறுக்கவேண்டிய பழைய கடிகாரங்கள் மேசை அறைகளுக்குள் ஒதுங்கின. இன்றைய ஆர்வலர் தேடியெடுப்பவை அவையே.

அவற்றுள் சிலவற்றின் பின்மூடியில் ஒரு பெயரோ, பணி ஓய்வு நாளோ பொறிக்கப்பட்டிருக்கும். முகப்பில் ஒரு புள்ளியும் மாறலாகாது என்று வாதிடுவோரே, அந்த எழுத்துகளைத் தேய்த்து மெருகிடக் கொடுத்துவிடுவதும் உண்டு. ஐந்து மாற்றங்களில் எத்தனையைக் கண்ட கை அது என்பதை அறிய, பல வேளைகளில் அவ்வெழுத்துகளைத் தவிர வேறு சான்று கிடையாது.