ஒழுக்கமும் எழுத்தும் ஒரே ஏட்டில்: பிரெஞ்சுத் தொடக்கக் கல்வியின் ஒரு பக்கம்

பிரான்சு நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் எழுத்தறிவித்தலும் நன்னடத்தை பயிற்றலும் நெடுங்காலம் இரு வேறு பாடங்களாக இருக்கவில்லை. இரண்டையும் ஒரே நூல் கற்பித்தது. அந்நூல்வகையின் பெயர் 'சிவிலித்தே'. நாகரிக நடத்தை என்பது அதன் பொருள்.

இம்மரபின் ஊற்று, 1530இல் எராஸ்மஸ் இலத்தீனில் வெளியிட்ட சிறுநூல். உண்ணும் முறை, மூக்கைத் துடைக்கும் முறை, பெரியோர்முன் நிற்கும் முறை, விளையாட்டில் காக்க வேண்டிய அடக்கம் எனச் சிறுவனின் உடலசைவுகள் அனைத்தையும் அது பேசிற்று. உயர்குடிச் சிறுவன் ஒருவனுக்குப் படைக்கப்பட்டதாயினும், பிறப்பால் வாய்க்காத பெருமையை ஒழுக்கத்தால் எவரும் ஈட்டலாம் என்பதே அதன் உட்கிடை.

1557இல் லியோன் நகர அச்சுக்கலைஞர் ரோபேர் கிரான்ஜோன், அக்காலப் பிரெஞ்சுக் கையெழுத்தைப் போலவே தோன்றும் அச்செழுத்து ஒன்றை வார்த்தார். சிறுவர்க்கான நடத்தை நூல்கள் அவ்வெழுத்தில் அச்சாகத் தொடங்கின. நாளடைவில் எழுத்துக்கும் 'சிவிலித்தே' என்ற பெயரே நிலைத்தது. இதில் நடைமுறைப் பயன் ஒன்று இருந்தது. அச்செழுத்தை மட்டும் அறிந்தவனால் கடன்பத்திரத்தையோ, குத்தகை ஆவணத்தையோ, உறவினர் கடிதத்தையோ படிக்க இயலாது. அவையெல்லாம் கையால் எழுதப்பட்டவை. வணங்கும் முறையைக் கற்ற அதே பக்கத்தில், கையெழுத்தைப் படிக்கவும் சிறுவன் பழகினான்.

இப்பயிற்சியை ஏழைச் சிறுவரிடம் கொண்டுசேர்த்தவர்களுள் முதன்மையானவர் ழான்-பாப்திஸ்து ட லா சால். 1680ஆம் ஆண்டையொட்டி ரேம்ஸ் நகரில் அவர் உருவாக்கிய ஆசிரியர் குழு, கட்டணமின்றிப் பாடம் நடத்தியது. இலத்தீனில் படிக்கத் தொடங்குவதே வழக்கமாயிருந்த காலத்தில், அவர் தாய்மண்ணின் பிரெஞ்சை முன்வைத்தார். தொழிலாளியின் மகன் சில ஆண்டுகளிலேயே பள்ளியை விட்டுவிடுவான். பொருள் விளங்காத மொழியில் அவனுக்குக் கிட்டும் அரைகுறைப் படிப்பால் பயனில்லை என்பது அவர் வாதம். எழுத்து அட்டை, அசை அட்டை எனப் படிப்படியாக ஏறும் அவரது பாடமுறையில், 1703இல் அவரே எழுதிய நடத்தை நூல் இறுதிப் படிகளுள் ஒன்றாக அமைந்தது. அதன்பின் மாணவன் கையெழுத்து ஏடுகளைப் படித்தான்.

ஆயினும் இவ்வொழுங்குக்கு மறுபக்கமும் உண்டு. கையெழுத்து மாறிய பின்னரும் பழைய அச்செழுத்து நடத்தை நூல்களில் நீடித்தது. பயன் போய் வழக்கம் மட்டும் எஞ்சியது. 19ஆம் நூற்றாண்டின் குழந்தைக் காப்பகங்களில், படிக்கட்டு இருக்கைகளில் நெருங்கி அமர்ந்த சிறார், ஆசிரியர் தட்டும் மரக்கட்டையின் ஒலிக்கு எழுந்தும் அமர்ந்தும் பழக்கப்பட்டனர். பிரெத்தோன், ஒக்சித்தான் மொழி பேசும் பகுதிகளில், வீட்டுமொழி பேசி அகப்பட்ட மாணவனிடம் ஓர் இழிவுச் சின்னம் தரப்பட்டது. தாய்மொழியே நடத்தைக் குற்றமாயிற்று. லா சால் ஏழைச் சிறுவனுக்காக முன்வைத்த அதே பிரெஞ்சு, வேறொரு சிறுவனின் வாயை அடைத்தது.

1881ஆம் ஆண்டின் ஆணை, காப்பகங்களுக்கு 'தாய்மைப் பள்ளி' எனப் பெயர் சூட்டியது. 1882ஆம் ஆண்டுச் சட்டம், தொடக்கப் பள்ளியின் சமயப் பாடத்தை நீக்கி, அறநெறி, குடிமைப் பாடத்தைப் பாடத்திட்டத்தில் முதலிடத்தில் வைத்தது. பெயர் மாறினாலும், ஒழுக்கத்தை எழுத்தோடு ஊட்டும் மரபு தொடர்ந்தது. அக்காலத்தில் தாய்மைப் பள்ளிகளின் தலைமை ஆய்வாளராயிருந்த பொலின் கெர்கோமார், மழலையரை முன்கூட்டியே எழுத்துப் பயிற்சியில் அழுத்துவதை எதிர்த்தார். விளையாட்டே குழந்தையின் உழைப்பு என்றார். அடக்கப்பட்ட குழந்தையை நன்னடத்தையுள்ள குழந்தையாகக் கருதும் மயக்கத்தை அவர் ஏற்கவில்லை.

2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரான்சில் மூன்று வயதிலிருந்தே கல்வி கட்டாயமாகியுள்ளது. கடன்பத்திரத்தைத் தானே படித்து ஏமாறாதிருக்கும் ஆற்றலும், மரக்கட்டை ஒலிக்குத் தலைவணங்கும் பழக்கமும் ஒரே மரபின் இரு விளைவுகள். குழந்தையின் கையில் தரப்படும் ஏடு இவற்றுள் எதை வளர்க்கிறது என்பதைக் கொண்டே எந்நாட்டு வகுப்பறையும் மதிப்பிடப்பட வேண்டும்.