நெல்லிக்கனியும் 72 கோடி டாலரும்

மூப்பைத் தள்ளிப்போடும் உணவு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது அதியமான் கதைதான். தகடூரை (இன்றைய தர்மபுரி) ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, மலைப்பிளவில் அரிதாகக் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்தான். புறநானூறு 91-வது பாட்டில் ஔவையாரே இதைச் சொல்கிறார். கொடுக்கும்போது அதன் பலனை மட்டும் அவன் சொல்லவில்லையாம்!

நெல்லியில் வைட்டமின் சி-யோடு டானின் வகைப் பாலிஃபீனால்களும் உண்டு. செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜனேற்றத்தை இவை ஆய்வகத்தில் தடுக்கின்றன. ஆனால் மனித ஆயுளைக் கூட்டும் என்பதற்கு இதுவரை நிரூபணம் இல்லை.

இதே ஆசை அமெரிக்காவில் வியாபாரமானது. சிவப்பு ஒயினில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்ற பாலிஃபீனால் ஈஸ்டின் ஆயுளை நீட்டியதாக 2003-ல் ஹார்வர்டின் டேவிட் சின்க்ளேர் குழு அறிவித்தது. அடுத்த ஆண்டே சர்ட்ரிஸ் கம்பெனி பிறந்தது. 2008-ல் கிளாக்ஸோஸ்மித்கிளைன் அதை 72 கோடி டாலருக்கு வாங்கியது. 2013-ல் சர்ட்ரிஸ் அலுவலகத்தையே மூடிவிட்டது. மூப்பைத் தடுக்கும் மருந்து ஒன்றும் கடைக்கு வரவில்லை.

காமர்ஸ் படிக்கிற எனக்குத் தெரிகிற வித்தியாசம் இதுதான். அதியமான் பலனைச் சொல்லாமல் பழத்தைக் கொடுத்தான். இவர்கள் பழம் வருமுன்பே பலனை விற்றுவிட்டார்கள்.

எங்கள் வல்லத்திராக்கோட்டையில் உப்பு தொட்டுத் தின்னும் நெல்லிக்காய்க்கு விளம்பரம் கிடையாது. பிடித்தால் தின்னுங்கள் நண்பர்களே, அதை நம்பி இன்சூரன்ஸ் பிரீமியத்தை நிறுத்திவிடாதீர்கள்!